மேசை மேல் ஸ்டாப் மோஷன்: கையிலிருக்கும் ஃபோனில் முதல் பதினைந்து விநாடி

ஒரு பொருளைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு ஃபோட்டோ, மறுபடி கொஞ்சம் நகர்த்தி இன்னொரு ஃபோட்டோ. இப்படி எடுத்ததை வரிசையாக ஓட்டினால் அந்தப் பொருள் தானாகவே நகர்வது போலத் தெரியும். ஸ்டாப் மோஷன் என்பது இவ்வளவுதான். வீடியோ எடுக்கப் புதிதாக வருபவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஒளி, ஃபிரேம், நிறம், அசைவின் வேகம், எடிட்டிங், ஒலி என்று எல்லாவற்றையும் ஒரே மேசையில் அவசரமில்லாமல் பழகிக்கொள்ளலாம். நடிகருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, வெயில் இறங்கிவிடுமே என்ற பதற்றமும் இல்லை.

ஆனால் முதல் முயற்சியைப் பாதியில் விட்டுவிடுபவர்கள் நிறைய. பொருளை நகர்த்தத் தெரியாததால் விடுவதில்லை. அந்தப் பொருளோடு சேர்ந்து கேமரா, வெளிச்சம், பின்னணிக் காகிதம், நிழல் என்று எல்லாமே நகர்ந்துவிடுவதால்தான் விடுகிறார்கள். எடுத்ததை ஓட்டிப் பார்த்தால் படம் துடிக்கும், மினுக்கும், மனம் உடைந்துபோகும். அசைய வேண்டியது மட்டுமே அசைய வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

யோசனை எங்கிருந்து வரும்

கதையை யோசித்துவிட்டுப் பொருளைத் தேடுவது புதியவர்களுக்குக் கடினமான வழி. பொருளை முதலில் எடுத்து மேசையில் போட்டு, அதனால் என்ன செய்ய முடியும் என்று பாருங்கள். நூல் நெளியும், காகிதம் மடியும், கிழியும், சுருளும். பொத்தான் சறுக்கும், சுழலும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். இரண்டு துளை உள்ள பொத்தானை உற்றுப் பாருங்கள், அது ஏற்கெனவே ஒரு முகம். துளைகள் கண்கள். அதை 20 டிகிரி திருப்பினால் தலையைச் சாய்த்துப் பார்ப்பது போலிருக்கும், சட்டென்று 90 டிகிரி திருப்பினால் திடுக்கிட்டது போலிருக்கும். ஒரு கோடுகூட வரையாமல் ஒரு பாத்திரம் கிடைத்துவிட்டது.

அடுத்த வழி, உருவ ஒற்றுமை. பொத்தானும் சக்கரமும் வட்டம், சாவியும் மீனும் நீளம், விரித்த குடையும் பூவும் ஒரே அமைப்பு. ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில், அதே அளவில், அதே கோணத்தில் இன்னொன்றை வைத்து அடுத்த ஃபோட்டோவை எடுத்தால் ஒன்று மற்றொன்றாக மாறிவிடும். கேமராவை நிறுத்தி ஆளை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டும் இந்த வித்தையை வைத்துத்தான் 1896-இல் பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியேஸ் ஒரு பெண்ணைத் திரையில் மறைய வைத்தார். இன்றும் அது வேலை செய்கிறது, ஆனால் இரண்டு பொருள்களின் மையமும் ஃபிரேமில் ஒரே புள்ளியில் இருக்க வேண்டும். 1 செ.மீ. தள்ளிப் போனாலும் ‘மாறியது’ என்று தோன்றாது, ‘எடுத்து வைத்தார்கள்’ என்றுதான் தோன்றும்.

அசைவைக் கற்றுக்கொள்ள எட்வர்ட் மைப்ரிட்ஜின் படங்களைப் பாருங்கள். 1878-இல் ஓடும் குதிரையை 12 கேமராக்கள் வைத்துப் பிடித்தவர் அவர். பிறகு 1887-இல் மனிதர், விலங்குகளின் அசைவுகளை 781 படத்தாள்களாக வெளியிட்டார். நடை, ஓட்டம், குதித்தல், படியேறுதல் என்று ஒவ்வொன்றும் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு பொம்மையை நடக்க வைக்க வேண்டுமென்றால் அந்தக் கட்டங்களே வரைபடம். காகித உருவங்களில் ஆர்வம் உள்ளவர்கள் ஜெர்மன் அனிமேஷன் கலைஞர் லோட்டே ரைனிகரின் நிழலுருவ வேலைகளைத் தேடிப் பார்க்கலாம். அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் வெட்டி, மூட்டுக்கு மூட்டு கம்பியால் இணைத்து, கீழிருந்து ஒளி பாய்ச்சிய கண்ணாடிமேல் நகர்த்தி, 1926-இல் ஒரு முழுநீளப் படத்தையே வெளியிட்டவர். அவருடைய உருவங்கள் கறுப்பு நிழல்கள்தான். வெளிக்கோடும் அசைவும் மட்டுமே அவ்வளவு பேசுகின்றன.

கணக்கு

வழக்கமான சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். ஸ்டாப் மோஷனில் ஒவ்வொரு ஃபோட்டோவையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது வழக்கம். அதாவது விநாடிக்கு 12 ஃபோட்டோ. இதைத் துறையில் ‘ஆன் டூஸ்’ என்பார்கள். முதல் முயற்சிக்கு இதுவே போதும். 24 எடுத்தால் வேலை இரட்டிப்பாகும், பழகாத கைக்கு நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். 8-க்குக் கீழே இறங்கினால் படம் தட்டித் தட்டி ஓடும்.

15 விநாடிக்கு 180 ஃபோட்டோ. ஒரு ஃபோட்டோவுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று மணி நேரம். செட் போட, விளக்கு வைக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் தனி. ஆகவே முதல் படம் 15 விநாடியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதையும் மூன்று ஷாட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 5 விநாடி, 6 விநாடி, 4 விநாடி. ஃபோட்டோ கணக்கில் 60, 72, 48. ஏதாவது இடித்துக் கெட்டாலும் ஒரு ஷாட்டோடு போகும்.

எடுப்பதற்கு முன் ஒரு தாளில் வரிசை எண் போட்டு, எந்த எண்ணில் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். இதற்கு டோப் ஷீட் என்று பெயர். ‘1–6 காலி மேசை. 7–19 சிவப்புப் பொத்தான் இடமிருந்து உள்ளே வருகிறது. 20–28 நிற்கிறது. 29–31 வலப்பக்கம் திரும்புகிறது’ என்கிற அளவில் போதும். நேரம் தெரியாவிட்டால் அந்தச் செயலை நீங்களே கையால் செய்து காட்டி, ஸ்டாப் வாட்ச்சில் அளந்து, 12-ஆல் பெருக்குங்கள். மனக்கணக்கில் போடும் நேரம் எப்போதும் அவசரமாகவே வரும். அளந்து பார்த்தால், ஒரு பார்வையாளர் ஒன்றைக் கவனித்துப் புரிந்துகொள்ள நீங்கள் நினைத்ததைவிட நீண்ட நேரம் தேவைப்படுவது தெரியும்.

மேசையும் கேமராவும்

முதல் படத்தை மேலிருந்து கீழ் நோக்கி எடுங்கள். பொருள் படுத்திருக்கும், விழாது, சாயாது. பறக்க வைப்பதும் குதிக்க வைப்பதும்கூட வெறும் நகர்த்தல்தான். புவியீர்ப்போடு போராடும் வேலை பிறகு வரட்டும்.

தேவையானவை: கனமான, ஆடாத மேசை, பளபளப்பு இல்லாத ஏ2 அளவுக் (ஏறக்குறைய 59×42 செ.மீ.) காகிதம் ஒன்று, ஃபோனைக் கிடைமட்டமாகப் பிடிக்கும் ஸ்டாண்ட், ஒரே மாதிரி பல்பு போட்ட இரண்டு மேசை விளக்கு, வெள்ளை அட்டை இரண்டு, ட்ரேசிங் பேப்பர், மாஸ்கிங் டேப், ப்ளூ டேக் (ஒட்டி எடுக்கக்கூடிய பசைக் களிம்பு), 15 செ.மீ. அளவுகோல், முனை மழுங்கிய ஊசி அல்லது பல்குத்தும் குச்சி. விரலால் நகர்த்தினால் 2 மி.மீ. நகர்த்தவே முடியாது, குச்சியால் முடியும்.

ஸ்டாண்ட் இல்லாவிட்டால் சம உயரமுள்ள இரண்டு பெட்டிகளை மேசையின் இரு பக்கமும் வைத்து, குறுக்கே ஒரு பலகை போட்டு, லென்ஸ் மட்டும் பலகை விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்க்குமாறு ஃபோனை டேப்பால் ஒட்டிவிடலாம். கைநீட்டி ஸ்டாண்ட் என்றால் பின்பக்கம் கனம் வைத்தாக வேண்டும், இல்லையேல் மெல்ல மெல்லத் தாழ்ந்து வரும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தாழ்ச்சி, படத்தை ஓட்டும்போது பொருள் பெரிதாகிக்கொண்டே போவதாகத் தெரியும்.

ஃபோனின் மெயின் லென்ஸ் 45 செ.மீ. உயரத்தில் ஏறக்குறைய ஏ2 காகிதத்தின் அகலத்தை அடக்கும். வைட் லென்ஸ் வேண்டாம், ஓரங்கள் வளைந்துவிடும்.

கேமரா மேசைக்கு நேர் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. சிறிய கண்ணாடி ஒன்றை ஃபிரேமின் நட்டநடுவில் மேசைமேல் படுக்க வையுங்கள். திரையில் அந்தக் கண்ணாடிக்குள் ஃபோனின் லென்ஸ் தெரியும். லென்ஸின் பிம்பம் ஃபிரேமின் சரியான மையத்தில் விழுந்தால் கேமரா நேராக இருக்கிறது. ஒரு பக்கம் ஒதுங்கினால், பிம்பம் மையத்துக்கு வரும்வரை ஃபோனைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள். அளவுகோல், நீர்மட்டம் எதுவும் வேண்டாம்.

பிறகு எல்லாவற்றையும் ஒட்டுங்கள். காகிதத்தின் நான்கு ஓரமும், ஸ்டாண்டின் கால்களும், விளக்கின் அடிப்பகுதியும் டேப்பால் மேசையோடோ தரையோடோ சேர வேண்டும். கால்களைச் சுற்றி டேப்பால் எல்லைக்கோடும் போட்டுவிட்டால், யாராவது தட்டிவிட்டாலும் பழைய இடத்தைக் கண்டுபிடிக்கலாம். மேசையில் சாயாதீர்கள், முழங்கை ஊன்றாதீர்கள்.

ஃபோனில் செய்ய வேண்டியவை இன்னும் முக்கியம். சாதாரண கேமரா ஆப் ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் வெளிச்சத்தையும் நிறத்தையும் ஃபோகஸையும் புதிதாகக் கணக்கிடும். கை ஃபிரேமுக்குள் வந்து போனாலே கணக்கு மாறிவிடும். அதனால் ப்ரோ மோடு அல்லது ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ போன்ற ஆப் ஒன்றில் இவற்றைக் கையால் வைத்துப் பூட்டுங்கள்:

ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100. ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கும் நிறச் சமன்) உங்கள் பல்புக்கு ஏற்ப ஓர் எண்; மஞ்சள் பல்புக்கு 3000 கெல்வின் அருகில், வெள்ளைப் பல்புக்கு 5500 அருகில். ஃபோகஸ் மேனுவல், பொருளின் மேற்பரப்பில். ஷட்டர், அதாவது ஒளி உள்ளே வரும் நேரம், 1/25 அல்லது 1/50 விநாடி. எச்டிஆர் (பல ஃபோட்டோவை ஒன்றாகக் கலக்கும் வசதி), நைட் மோடு, அழகூட்டும் ஃபில்டர் எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

ஷட்டர் எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/100, 1/50, 1/25 ஆகிய நேரங்களில் முழுத் துடிப்புகள் அடங்கும், ஆகவே ஒவ்வொரு ஃபோட்டோவும் ஒரே அளவு ஒளியைப் பெறும். 1/160 போல ஏதோ ஓர் எண்ணை வைத்தால் ஒரு ஃபோட்டோவில் அரைத் துடிப்பு கூடும், அடுத்ததில் குறையும். படம் மினுக்கும், சிலவற்றில் குறுக்கே இருள்பட்டை விழும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/60, 1/30 பொருந்தும்.

புது ஃபோன்களில் இன்னொரு கண்ணி உண்டு. பொருள் நெருங்கி வந்ததும் ஃபோன் தானாகவே மேக்ரோ லென்ஸுக்கு (மிக நெருக்கத்தில் எடுக்கும் லென்ஸ்) தாவும். இரண்டு லென்ஸும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் படம் திடீரென்று ஒரு பக்கம் குதிக்கும். தானியங்கி மேக்ரோவை அணைத்துவிடுங்கள். சார்ஜரை ஆரம்பத்திலேயே செருகுங்கள். நடுவில் செருகினால் ஃபோன் நகரும். ஏர்பிளேன் மோடு போடுங்கள், ஒரு அழைப்பின் அதிர்வு போதும் ஷாட்டைக் கெடுக்க. திரையைத் தொட்டு ஃபோட்டோ எடுக்காமல் ப்ளூடூத் ரிமோட்டையோ, வயர் இயர்ஃபோனின் வால்யூம் பொத்தானையோ பயன்படுத்துங்கள். ரிமோட் ப்ளூடூத்தில் ஓடுவதால் ஏர்பிளேன் போட்ட பிறகு ப்ளூடூத்தை மட்டும் மறுபடி திறந்துவிட வேண்டும்.

வெளிச்சம்

ஜன்னலை மூடுங்கள். சூரிய ஒளி அழகானது, ஆனால் மூன்று மணி நேரத்தில் அது மேசையைக் கடந்து போய்விடும். மேகம் ஒன்று வந்து போனால் 10 ஃபோட்டோ இருண்டுபோகும். திரைச்சீலை போதாது, கறுப்புத் துணி அல்லது அட்டையால் முழுக்க மறைக்க வேண்டும். அறையின் மற்ற விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். பக்கத்தில் லேப்டாப் திறந்திருந்தால் அதுவும் ஒரு விளக்குதான், அதன் நிறம் திரையில் இருப்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

பலரும் நினைத்தே பார்க்காத இன்னொரு விளக்கு நீங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேசைக்கு அருகில் ஒரு முறையும் தள்ளி ஒரு முறையும் நின்று எடுத்தால், உங்கள் சட்டையிலிருந்து தெறிக்கும் ஒளி கூடிக் குறையும். கறுப்பு அல்லது அடர்நிற உடை போடுங்கள். தரையில் ஒரு டேப் குறி வைத்து, ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் அதே இடத்துக்கு வந்து நின்று ரிமோட்டை அழுத்துங்கள். மினுக்கலில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

விளக்குகளை எரியவிட்டு 15 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். சில பல்புகள் சூடேறும்வரை பிரகாசம் மாறும். டிம்மர் வைத்துக் குறைத்த எல்இடி வேண்டாம். குறைக்க வேண்டுமென்றால் விளக்கைத் தள்ளி வையுங்கள். தூரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும்.

வைக்கும் முறை: முதன்மை விளக்கு இடப்பக்கம், மேசைமட்டத்துக்கு 45 டிகிரி உயரத்தில், ட்ரேசிங் பேப்பர் வழியாக. பேப்பரைப் பல்பில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள், சூடு பாதுகாப்புக்கும் நிழல் மென்மைக்கும் அதுவே நல்லது. எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை ஒன்று நிமிர்ந்து நிற்கட்டும், அது நிழலைக் கொஞ்சம் தூக்கும். இரண்டாவது விளக்கைப் பின்னாலிருந்து தாழ்வாக அடித்தால் பொருளின் விளிம்பில் ஒரு கோடு பிறக்கும். விளக்கை இன்னும் தாழ்த்தினால் காகிதத்தின் நாரும் நூலின் முறுக்கும் எழும்பி நிற்கும். களிமண்ணில் இதே தாழ்ந்த ஒளி விரல்ரேகையையும் காட்டிக் கொடுக்கும். சிலர் அதை விரும்பி வைத்துக்கொள்கிறார்கள். விரும்பாதவர்கள் ஒளியை உயர்த்திப் பரப்ப வேண்டும்.

நிறத்தில் சிக்கனமாக இருங்கள். பின்னணிக்கு ஒன்று, முக்கியப் பாத்திரத்துக்கு ஒன்று, மற்ற பொருள்களுக்கு ஒன்று, மூன்று போதும். வெளிர் சாம்பல் அல்லது வெளிர் நீலக் காகிதத்தில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான், மற்றதெல்லாம் வெள்ளையும் பழுப்பும் என்றால் பார்ப்பவரின் கண் தானாகச் சிவப்பைத் தொடரும். சரிபார்க்க, ஒரு ஃபோட்டோவைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சிவப்பும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால் நிறம் மட்டும் வேறு, வெளிச்ச அளவு ஒன்றுதான் என்று அர்த்தம். பின்னணியை இன்னும் வெளிறியதாக மாற்ற வேண்டும்.

நகர்த்துவது

இங்கேதான் ஸ்டாப் மோஷனின் உயிர் இருக்கிறது, நிதானமாகப் பழக வேண்டியதும் இதுதான்.

புதியவர்கள் பொருளை ஒவ்வொரு ஃபோட்டோவுக்கும் ஒரே அளவு, 15 மி.மீ. என்றால் 15 மி.மீ., நகர்த்துவார்கள். அது கன்வேயர் பெல்ட்டில் போவது போலவே இருக்கும். உயிருள்ளதும் எடை உள்ளதும் அப்படி நகராது. மெல்லத் தொடங்கும், வேகமெடுக்கும், மெல்ல நிற்கும். பொத்தானை ஒரு விநாடியில் 18 செ.மீ. நகர்த்த வேண்டுமென்றால் 12 நகர்த்தல்களை மி.மீ. கணக்கில் இப்படிப் பிரியுங்கள்:

2, 5, 10, 18, 25, 30, 30, 25, 18, 10, 5, 2.

கூட்டினால் 180. இந்த எண்களை ஒரு காகிதப் பட்டையில் கோடுகளாகக் குறித்து, பொருளின் பாதைக்குப் பக்கத்தில் ஃபிரேமுக்கு வெளியே ஒட்டிவைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம். இதே பட்டையை ஒருமுறையும், 15, 15, 15 என்று சமமாக ஒருமுறையும் எடுத்து அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். அந்த இரண்டு விநாடி கற்றுத் தருவதை எந்த விளக்கமும் தராது.

பொருள் எதிலாவது மோதி நிற்க வேண்டுமென்றால் முடிவில் குறைக்காதீர்கள். 2, 5, 10, 18, 25, 30 என்று ஏறி, 30-லேயே மோதட்டும். அடுத்த ஃபோட்டோவில் 4 மி.மீ. பின்வாங்கட்டும், அதற்கடுத்ததில் 2 மி.மீ. முன்னே வரட்டும், பிறகு நிற்கட்டும். எடை தானாக வந்து சேரும்.

ஒரு ஃபோட்டோவுக்கும் அடுத்ததற்கும் இடையே பொருள் தன் நீளத்தைவிட அதிகமாகத் தாவினால் கண் தொடர்பை இழக்கும். ஒரே பொருள் இரண்டு இடத்தில் மின்னி மறைவது போலத் தெரியும். 2 செ.மீ. பொத்தானுக்கு 30 மி.மீ. என்பது கொஞ்சம் அதிகம்தான். அப்படிப்பட்ட இடத்தில் பெரிய பொத்தானாகத் தேர்ந்தெடுங்கள், அல்லது அதே தூரத்துக்கு ஒன்றரை விநாடி கொடுங்கள்.

புறப்படுவதற்கு முன் எதிர்த்திசையில் ஒரு சிறு பின்னிழுப்பு கொடுங்கள். வலப்பக்கம் போக வேண்டிய பொத்தான் முதலில் 3 ஃபோட்டோவில் 2, 3, 1 மி.மீ. இடப்பக்கம் நகரட்டும், பிறகு பாயட்டும். பார்ப்பவர் ‘ஏதோ செய்யப் போகிறது’ என்று அதற்குள் உணர்ந்துவிடுவார். யோசித்துச் செய்வது போன்ற தோற்றம் அங்கே பிறக்கிறது.

நிற்கும் இடங்களை நிறைய வையுங்கள். ஒரு செயல் முடிந்ததும் குறைந்தது 6 ஃபோட்டோ அசைவில்லாமல் இருக்க வேண்டும். முக்கியமான பார்வை என்றால் 12. இதற்கு ஒரே ஃபோட்டோவை நகலெடுத்து 12 முறை போடலாம் என்று தோன்றும், போடாதீர்கள். ஃபோட்டோவில் இயல்பாக இருக்கும் மெல்லிய புள்ளித்துடிப்பு திடீரென்று நின்றுபோகும், செட்டே செத்ததுபோல ஆகிவிடும். எதையும் தொடாமல் 3 ஃபோட்டோ எடுத்து அவற்றை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஆப்பில் ஆனியன் ஸ்கின் வசதி இருக்கும். முந்தைய ஃபோட்டோ மங்கலாகத் தெரிய, அதன்மேல் இப்போதைய நிலையைப் பார்க்கலாம். இதை 40 சதவீத அளவில் வையுங்கள், அதற்கு மேல் போனால் எது பழையது எது புதியது என்று குழம்பும். பக்கவாட்டில் நின்று பொம்மையை நகர்த்தும்போது இன்னொரு பழைய உத்தி ஆனியன் ஸ்கின்னைவிட நம்பகமானது. கனமான ஒரு கட்டையில் கம்பியை நட்டு, அதன் முனையைப் பொம்மையின் மூக்கைத் தொடுமாறு வளையுங்கள். பொம்மையை நகர்த்துங்கள். மூக்குக்கும் கம்பி முனைக்கும் இடையே விழும் இடைவெளிதான் நீங்கள் நகர்த்திய தூரம். பிறகு கம்பியை எடுத்துவிட்டு ஃபோட்டோ எடுக்க வேண்டும். கம்பியோடு எடுத்துவிடுவது எல்லோருக்கும் நடக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் ஃபோட்டோவுக்கு முன் ஃபிரேமின் நான்கு மூலையையும் கண்ணால் ஒரு சுற்று சுற்றிவாருங்கள்.

பேச வைப்பது

வெட்டிய காகித வாய்களை மாற்றி மாற்றி ஒட்டினால் பொத்தானும் பேசும். தமிழுக்கு ஏழு வாய் போதும்: மூடியது ப, ம-வுக்கு, கொஞ்சம் திறந்தது க, ச, த, ந போன்றவற்றுக்கு, அகலத் திறந்தது ஆ-வுக்கு, பக்கவாட்டில் இழுத்தது இ, எ-வுக்கு, சிறு வட்டம் உ-வுக்கு, பெரு வட்டம் ஓ-வுக்கு, கீழுதட்டில் பல் பதிந்தது வ-வுக்கு.

ஒலியை முதலில் பதிவுசெய்து, அதை எடிட்டிங் மென்பொருளில் மெல்ல நகர்த்திக் கேட்டு, எந்த எழுத்து எத்தனை ஃபோட்டோ நீள்கிறது என்று டோப் ஷீட்டில் எழுதுங்கள். ‘வாங்கப்பா’ என்று சாதாரணமாகச் சொன்னால் ஏறக்குறைய இப்படி விழும்: வ ஒன்று, ஆ மூன்று, ங்க இரண்டு, ப் இரண்டு, ஆ மூன்று. மொத்தம் 11. இதில் விடவே கூடாதது ‘ப்’ மூடிய வாய். மற்ற வாய்கள் கொஞ்சம் தவறினாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள், ‘ப’வும் ‘ம’வும் திறந்த வாயோடு வந்தால் டப்பிங் படம் போலாகிவிடும். வாயை ஒலிக்கு ஒரு ஃபோட்டோ முன்னதாக வைத்தால் இன்னும் இயல்பாக இருக்கும், பேசும்போது வாய் ஒலிக்கு முன்னே தயாராகிவிடுவதால்.

நிற்கும் பொம்மை, பறக்கும் பொருள்

மேலிருந்து எடுப்பது கைவந்த பிறகு நிற்கும் உருவத்துக்குப் போகலாம். 15 செ.மீ. உயரப் பொம்மைக்கு 1.5 மி.மீ. அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கி எலும்புக்கூடு செய்து, மேலே உலராத எண்ணெய்க் களிமண்ணைப் பூசுங்கள். இரும்புக் கம்பி வளைத்த இடத்தில் நிற்காமல் திமிறும், அதனால் வேண்டாம். அலுமினியமும் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைத்தால் முறியும், பெரும்பாலும் கணுக்காலில். கால்களைக் கழற்றி மாற்றும்படி செய்து ஒரு ஜோடி உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். தலை பாரமாக இருந்தால் எந்தக் கம்பியும் தாங்காது. தலைக்குள் கசக்கிய அலுமினியத் தாளை வைத்து, மேலே மட்டும் மெல்லக் களிமண் பூசுங்கள். பாதத்தின் அடியில் ப்ளூ டேக்.

பறக்க வைக்க, பொருளின் பின்னால் மறையுமாறு ஒரு கம்பித் தாங்கியை வைத்து எடுத்துவிட்டு, எடிட்டிங்கில் அதை அழிக்கலாம். அதற்கு ஷாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் காலி செட்டை, எந்த அமைப்பையும் மாற்றாமல், ஒவ்வொரு ஃபோட்டோ எடுத்து வைக்க வேண்டும். எடிட்டரில் காலி செட் கீழ் அடுக்கு, பொம்மை ஃபோட்டோ மேல் அடுக்கு. மேல் அடுக்கில் தாங்கி இருக்கும் இடத்தை மாஸ்க் போட்டு வெட்டினால் கீழே உள்ள சுத்தமான பின்னணி தெரியும். தாங்கியை அழித்தவர்கள் அதன் நிழலை மறந்துவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. பொருளைப் பின்னணியிலிருந்து 30 செ.மீ.யாவது முன்னால் வைத்து எடுத்தால், நிழல் பெரும்பாலும் ஃபிரேமுக்கு வெளியே விழுந்துவிடும்.

இடித்துவிட்டால்

கேமரா நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பதறி எதையும் நகர்த்தாதீர்கள். கடைசி நல்ல ஃபோட்டோவை ஆனியன் ஸ்கின்னில் வைத்து, பொருளைத் தொடாமல் கேமராவை மட்டும் மெல்லத் திருப்பி, பின்னணியில் உள்ள ஏதாவது ஒரு நிலையான விளிம்பைப் பொருத்துங்கள். பொருந்தவே மறுத்தால் அந்த ஷாட்டை அங்கேயே வெட்டிவிட்டு, கேமராவை முழுக்க வேறு இடத்துக்குக் கொண்டுபோய் அதே செயலை நெருக்கமான ஷாட்டாகத் தொடருங்கள். 3 மி.மீ. நகர்ந்தால் குறையாகத் தெரியும், 30 செ.மீ. நகர்ந்தால் அது ஒரு வெட்டு. நீண்ட படங்களில் அழகான குளோசப் ஒன்று இப்படிக் கிடைப்பதும் உண்டு.

கோர்ப்பதும் ஒலியும்

ஃபோன் ஆப்பிலேயே முடித்துவிடலாம். கணினியில் செய்பவர்கள் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பயன்படுத்தலாம். ப்ராஜெக்ட் செட்டிங்கில் 24 ஃபிரேம் என்று வைத்த பிறகுதான் படங்களை உள்ளே கொண்டுவர வேண்டும், பிறகு அதை மாற்ற விடாது. வரிசை எண் உள்ள ஃபோட்டோக்களை அது ஒரே கிளிப்பாகப் படிக்கும். நடுவில் ஓர் எண் விடுபட்டிருந்தால் இரண்டு கிளிப்பாக உடைத்துவிடும், ஆகவே வேண்டாத ஃபோட்டோவை நீக்கிய பிறகு மறுபடி எண் போடுங்கள். கிளிப்பின் வேகத்தை 50 சதவீதமாக்கினால் ஒவ்வொரு ஃபோட்டோவும் இரண்டு ஃபிரேம் நிற்கும். வேகத்தை மாற்றும் ‘ரீடைம் ப்ராசஸ்’ அமைப்பு ‘நியரஸ்ட்’ என்று இருக்கட்டும். ஆப்டிகல் ஃப்ளோவில் இருந்தால் மென்பொருள் நடுவில் தானே படங்களை உருவாக்கி, கையால் செய்த துல்லியமான அசைவைக் கொழகொழவென்று ஆக்கிவிடும்.

12 மெகாபிக்சல் ஃபோட்டோ 4000 பிக்சல் அகலம் இருக்கும். வீடியோ 1920 மட்டுமே. ஆக, இரண்டு மடங்கு வரை பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. கேமராவைத் தொடாமலே மெல்ல நெருங்கும் அசைவை இங்கேயே கொடுக்கலாம். மினுக்கல் நீக்கும் கருவிகள் வெளிச்சத்தைச் சமன் செய்யும், நகர்ந்த நிழலை அவற்றால் சரிசெய்ய முடியாது.

ஒலிக்கு நேரம் ஒதுக்குங்கள். சத்தமில்லாத பொத்தானுக்கு எடை இல்லை. காகிதத்தில் பொத்தானை இழுக்கும் ஓசையை அதே ஃபோனில், மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவுசெய்யுங்கள். மோதும் சத்தம் மோதிய ஃபிரேமிலேயே விழ வேண்டும். இரண்டு ஃபிரேம் முந்தினாலே போலித்தனம் தெரியும். எல்லாவற்றுக்கும் அடியில் அறையின் வெற்றொலியை (யாரும் எதுவும் செய்யாதபோது அறையில் கேட்கும் மெல்லிய ஓசை) 30 விநாடி பதிவுசெய்து மெல்ல ஓடவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஒலிகளுக்கு இடையே காது அடைத்தது போன்ற வெறுமை விழும்.

ஏற்றுமதி எச்.264, 1920×1080, 24 ஃபிரேம், விநாடிக்கு 15 மெகாபிட் அளவில் போதும். காகித நாரும் துணி நெய்தலும் ஃபிரேமுக்கு ஃபிரேம் துடிப்பதால், பிட்ரேட்டை (அந்த மெகாபிட் எண்ணை) மிகவும் குறைத்தால் கட்டம் கட்டமாக உடையும். படம் சுற்றிச் சுற்றி ஓட வேண்டுமென்றால் கடைசி ஃபோட்டோவையும் முதல் ஃபோட்டோவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் கடைசியை நீக்கிவிடுங்கள், இல்லையேல் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் ஒரு திக்கல் தெரியும்.